மூச்சு விடாத பொம்மை

மார்ச் 3

குழந்தைகள் வார்டு சிஸ்டருக்கு,

வணக்கம் சொல்ல மனசில்லை. கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் வணக்கம்.

நான் ஏழாம் கட்டில் பையனின் அம்மா. நாலு வயது, வீசிங். ஜனவரியில் ஒருமுறை உங்கள் வார்டில் படுத்திருந்தான், பிப்ரவரி 20ஆம் தேதி சாயங்காலம் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வராது, கட்டில் நம்பரைச் சொன்னால் வரும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தடவை டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த தாளில் ஒரு வரி இருக்கிறது. "தாயின் அலட்சியத்தால் மருந்து சரிவரச் செலுத்தப்படவில்லை." கீழே உங்கள் கையெழுத்து. அதை நான் படிப்பதற்குள் என் நாத்தனார் படித்துவிட்டார். படித்ததோடு விட்டாரா? என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டினார். அவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "புள்ள கொஞ்ச நாள் எங்க அக்கா வீட்டுலயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்துருக்கு, இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் என் பயலை என் இடுப்பிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் தனியாக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன்.

அலட்சியமா? அந்த இன்ஹேலர் குப்பியின் பின்னால் ஒரு சின்ன ஜன்னலில் எண் தெரியுமே, அதைப் பாருங்கள். புதுசாகத் திறந்தபோது 120. காலையில் இரண்டு அழுத்து, சாயங்காலம் இரண்டு. இருபத்து மூன்று நாள். நான் உங்களிடம் கொண்டுவந்தபோது அதில் 28 இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வேளைகூடத் தவறவில்லை. காய்ச்சலோடு நான் கிடந்த நாளிலும் எழுந்து கொடுத்தேன்.

அந்த வரியை அடித்துவிட்டு எனக்கு ஒரு தாள் அனுப்புங்கள். போனில் கேட்டால் "வார்டுல பிஸி" என்று வைத்துவிடுகிறார்கள். எழுத்தால்தான் என் பிள்ளை போனான், அதனால் எழுத்திலேயே கேட்கிறேன்.

ஏழாம் கட்டில் பையனின் அம்மா

•

மார்ச் 9

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் வார்டில் முப்பத்திரண்டு கட்டில், ஒரு ஷிஃப்டுக்கு மூன்று நர்ஸ். அதனால் பதில் எழுத ஆறு நாள் ஆயிற்று. இதையும் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனவரி 28ஆம் தேதி காலை உங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும், ஸ்பேசர் என்கிற அந்த பிளாஸ்டிக் குழலில் எப்படிச் செருக வேண்டும், மாஸ்க்கை எப்படி வைக்க வேண்டும், எல்லாவற்றையும் பொம்மையில் செய்தே காட்டினேன். "புரிஞ்சுதாம்மா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தலையாட்டினீர்கள். "பெற்றோருக்குக் கற்பிக்கப்பட்டது, புரிந்துகொண்டார்" என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டீர்கள். அந்தத் தாள் என் முன்னால்தான் இருக்கிறது.

எண்ணைப் பற்றிச் சொல்கிறீர்கள். காற்றில் அழுத்தினாலும் எண் குறையும். அந்த ஜன்னல் எத்தனை முறை அழுத்தினார்கள் என்றுதான் சொல்லும், மருந்து எங்கே போனது என்று சொல்லாது. உங்கள் மகனின் நெஞ்சுக்குள் மருந்து போகவில்லை என்பதை அவன் வந்த நிலையே சொன்னது. விலா எலும்பு உள்ளே இழுக்க, உதடு நிறம் மாறி வந்தான். இருபத்து மூன்று நாள் ஒழுங்காக மருந்து போன குழந்தை அப்படி வராது. பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அழகாகத் தலையாட்டிவிட்டு வீட்டில் போய் மறந்துவிட்டு, பிறகு வந்து எங்கள் மேல் பாய்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குடும்ப விஷயத்தில் ஆஸ்பத்திரி தலையிட முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் நாத்தனாருக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வரியை மாற்ற முடியாது.

வார்டு சிஸ்டர், குழந்தைகள் பிரிவு

•

மார்ச் 13

சிஸ்டர்,

காற்றில் அழுத்தினேனா? வேலைக்குப் போகிற அவசரத்தில் காலை ஆறு மணிக்கு எழுந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி மடியில் வைத்து, காற்றில் அழுத்தி விளையாடினேனா? இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா?

ஜனவரி 28 பற்றி நீங்கள் பேசியதால் நானும் பேசுகிறேன். அன்றைக்கு நான் சரியாகத் தூங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. உங்கள் வார்டில் அம்மாக்களுக்கு ஒரு ஸ்டூல் உண்டு, அதற்கு முதுகு கிடையாது. அடுத்த குழந்தையின் வீட்டார் தங்கள் பையை எங்கள் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு, எப்போது கிளம்புவோம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பயல் வீட்டுக்குப் போகணும் என்று காலைப் பிடித்துத் தொங்கினான். அந்த நேரத்தில்தான் நீங்கள் பொம்மையோடு வந்தீர்கள்.

வந்து ஒரே மூச்சில் எத்தனை விஷயம் சொன்னீர்கள்! இன்ஹேலர், குழல், குழலைக் கழுவுகிற விதம், தூசி, புகை, கம்பளி, எந்த மாத்திரை நிறுத்தணும், என்ன ஆனால் ஓடிவரணும், அடுத்து எந்தத் தேதி. நடுநடுவே "புரிஞ்சுதாம்மா, புரிஞ்சுதாம்மா." பக்கத்தில் டாக்டர், பின்னால் பை வைத்தவர்கள். புரியவில்லை என்று எந்த அம்மாவாவது சொல்வாளா? "இதுகூடவா தெரியாது" என்று ஒரு பார்வை வருமே, அதற்குப் பயந்தே ஆட்டிவிடுவோம் தலையை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் லைனில் இருக்கிறேன். புதுசாக வருகிற பெண்களுக்கு மிஷின் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. முதல் வருஷம் நானும் உங்களை மாதிரித்தான் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். ஒரு பெண் "ம்" என்றாள். பத்தாவது நிமிஷம் ஊசி அவள் விரல் நகத்தில் இறங்கி அடியில் வந்தது. அன்றைக்கு அவளை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். சூப்பர்வைசர் என்னைத் திட்டினார்: "அவ தலையாட்டினா நீ நம்பிருவியா? துணியக் கையில குடுத்துத் தைக்கச் சொல்லிப் பாத்தியா?" அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நான் வாயிலேயே எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தையல்தான் காட்டுவேன். துணியைக் கொடுத்து "தைச்சுக் காட்டு" என்பேன். தப்பாகத் தைத்தால் பிரித்துக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்வேன். நீங்கள் என் கையில் அந்தக் குழலை ஒரு தடவைகூடத் தரவில்லை.

ஆனாலும் நான் கற்றுக்கொண்டேன். பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் என் பிழைப்பே. வீட்டில் நான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதில் எங்கே அலட்சியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூடியைக் கழற்றினேன். குப்பியை நன்றாகக் குலுக்கினேன். குழலின் பின்பக்கம் செருகினேன். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை வைத்து, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பிடித்தேன். ஒரு அழுத்து, உடனே மாஸ்க்கை எடுத்தேன். அரை நிமிஷம் கழித்து மறுபடி குலுக்கி, வைத்து, ஒரு அழுத்து, எடுத்தேன். வாய் கொப்பளிக்க வைத்தேன். முகத்தைத் துடைத்தேன். தினமும் இரண்டு வேளை, இருபத்து மூன்று நாள்.

இதுவா அலட்சியம்?

ஏழாம் கட்டில் பையனின் அம்மா

•

மார்ச் 16

அம்மா,

நன்றி. நான் சொன்னதை நீங்களே உங்கள் கையால் எழுதி ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

"ஒரு அழுத்து, உடனே மாஸ்க்கை எடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே எடுக்கக் கூடாது. அழுத்தினால் மருந்து குழலுக்குள்தான் வந்து நிற்கும். குழந்தை அதை ஐந்து தடவை மூச்சாக இழுக்க வேண்டும். அதுவரை மாஸ்க் முகத்தைவிட்டு நகரக் கூடாது. நீங்கள் எடுத்தவுடன் மருந்தெல்லாம் குழலின் சுவரில் ஒட்டி வீணாகியிருக்கும். அப்புறம் எண் 28ஆக இருந்தால் என்ன, 2ஆக இருந்தால் என்ன?

ஐந்து மூச்சு என்று நான் சொன்னேன். உங்களிடம் கொடுத்த தாளிலும் நாலாவது வரியில் அச்சாகியிருக்கிறது. உங்கள் கம்பெனியில் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று எனக்குப் பாடம் எடுப்பதற்கு முன்னால், கையில் இருந்த தாளை ஒருமுறை படித்திருக்கலாம்.

நீங்கள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும்தான் தூங்கவில்லை. சட்டையில் காலரைத் தப்பாக வைத்தால் பிரித்துத் தைக்கலாம் என்கிறீர்கள். இங்கே பிரித்துத் தைக்க முடியாது. என் கோபம் அதனால்தான். உங்களை நான் வேண்டுமென்று சங்கடப்படுத்தவில்லை.

இதோடு இந்த விஷயத்தை முடித்துக்கொள்வோம்.

வார்டு சிஸ்டர்

•

மார்ச் 19, காலை

சிஸ்டர்,

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் கம்பெனி சரக்கு வண்டி உங்கள் பக்கம் வருகிறது, டிரைவரிடம் கொடுத்து உங்கள் கையில்தான் தரணும் என்று சொல்லி அனுப்புகிறேன். நின்றுகொண்டே படித்தாலும் சரி, முழுசாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. ஐந்து மூச்சு என்ற இடத்தைப் படித்ததும் நீங்கள் கொடுத்த தாளைத் தேடி எடுத்து நாலாவது வரியைப் பார்த்தேன். இருபத்து மூன்று நாள் என் பிள்ளைக்கு நான் வெறும் காற்றைக் கொடுத்திருக்கிறேன். அவனை மடியில் வைத்துக்கொண்டு, நல்லது செய்கிறோம் என்ற நினைப்போடு. நேற்று வீட்டில் யாரும் இல்லாததால் சத்தம் போட்டு அழுதேன். அதையும் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன், சந்தோஷப்படுவதென்றால் படுங்கள்.

அழுது முடித்ததும் உட்கார்ந்து யோசித்தேன். நான் எப்படி அப்படிக் கற்றுக்கொண்டேன்? யோசிக்க யோசிக்க உங்கள் கை கண்ணுக்கு முன்னால் வந்தது.

உங்கள் வாய் ஐந்து மூச்சு என்று சொல்லியிருக்கும். ஹாரன் சத்தத்தில் என் காதில் விழவில்லை. நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷினில் இருப்பவள் கையைத்தான் பார்ப்பாள், வாயைப் பார்த்தால் தைக்க முடியாது. உங்கள் கை பொம்மையின் முகத்தில் மாஸ்க்கை வைத்தது, அழுத்தியது, எடுத்தது. இரண்டு தடவையும் அப்படித்தான். ஏன் என்று எனக்கு இப்போது புரிகிறது. பொம்மை மூச்சு விடாது சிஸ்டர். எதற்காகக் காத்திருப்பீர்கள்? வைத்த வேகத்தில் எடுத்துவிட்டீர்கள். அது அப்படியே என் கைக்கு வந்துவிட்டது.

இதை நம்ப வேண்டாம். என்னை அலட்சியக்காரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த வரி அப்படியே கிடக்கட்டும். எனக்கு இப்போது பயம் வேறு இடத்தில் இருக்கிறது. என் நாத்தனாருக்கும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அதே பொம்மையில்தானே? ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார் என்று எழுதினீர்களே, எதைப் பிடித்துக்கொண்டார்?

என் பயல் அங்கே போய் இன்றோடு இருபது நாள். என்னிடம் இருந்தபோது அவனுக்கு இருபத்து மூன்றாவது நாள்தான் மூச்சு இழுத்தது.

நேற்றே நாத்தனாருக்குப் போன் போட்டேன். "மாஸ்க்கை எடுக்காம வச்சிருங்க அண்ணி, அஞ்சு மூச்சு எண்ணுங்க" என்றேன். "நீ எனக்குச் சொல்லித்தர்றியா? நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் ஊரே பார்த்துச்சே. நர்ஸ் சொன்னபடி நான் செய்யறேன், நீ போன வை" என்றார். அவரே வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. வீட்டுக்காரர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே, அடிக்கவே இல்லை. லீவு கேட்டேன், ஏற்றுமதி ஆர்டர், நாளை மறுநாள் வரை வாசலைவிட்டு விடமாட்டார்கள். விட்டாலும் நான் சொல்லி அவர் கேட்கமாட்டார்.

நீங்கள் சொன்னால் கேட்பார். அவர் வீடு உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நாலாவது தெரு, விலாசம் ஃபைலில் இருக்கும். இன்றைக்கே போங்கள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

பயலின் அம்மா

•

மார்ச் 22

அம்மா,

உங்கள் மகன் நன்றாக இருக்கிறான். வார்டில்தான் இருக்கிறான், இன்று காலையிலிருந்து ஆக்சிஜன் வைக்காமலே மூச்சு விடுகிறான். நேற்று லீவு கிடைத்து நீங்கள் ஓடிவந்தபோது நான் டியூட்டியில் இல்லை என்று சொன்னார்கள். டியூட்டியில்தான் இருந்தேன், ஸ்டோர் ரூமில் நின்றிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதுகிறேன்.

உங்கள் டிரைவர் 19ஆம் தேதி மதியம் வந்தார். கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சொல்வது பொய் என்று நிரூபிக்கத்தான் ஜூனியர் சிஸ்டரைக் கூப்பிட்டு, பொம்மையை எடுத்துவைத்து, "எப்பவும் சொல்ற மாதிரி சொல்றேன், நீ என் கையை மட்டும் பாரு" என்றேன். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் தயங்கினாள். "சிஸ்டர், அஞ்சு மூச்சுன்னு நீங்க சொல்லும்போது மாஸ்க் உங்க கையில இருந்துச்சு. பஞ்சு வச்சுத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க." மறுபடி செய்தேன். தெரிந்தே, கவனமாக. அப்போதும் என் கை எடுத்துவிட்டது. பழகிப்போன கை.

அதற்கு மேல் நிற்கவில்லை. யூனிஃபார்மோடு நடந்தே போனேன்.

உங்கள் நாத்தனார் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சிஸ்டர், எப்படிப் பார்த்துக்கிறேன்னு வந்து பாருங்க" என்றார். அவரைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். நான் பார்த்தது, நான் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வேளைக்கு வேளை பேனாவால் டிக் போட்டுவைத்திருந்த ஒரு மனுஷி. உங்கள் மகன் சோபாவின் ஓரத்தில் முட்டியில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் திரும்பினான், பேசவில்லை. "ரெண்டு நாளா டல்லா இருக்கான், ஊர் ஞாபகம்" என்றார். சட்டையைத் தூக்கினேன். விலா இழுத்துக்கொண்டிருந்தது.

அவனைத் தூக்குவதற்கு முன்னால், "எப்படிக் கொடுக்கறீங்க, ஒரு தரம் எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் பெருமையாகச் செய்தார். குலுக்கினார், செருகினார், வைத்தார், அழுத்தினார், எடுத்தார். எடுத்தவுடன் ஒரு பஞ்சை எடுத்து மாஸ்க்கைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே "அஞ்சு மூச்சு" என்று வாயால் சொன்னார். நான் செய்ததில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

இனி ஃபைல். பழைய வரியை அழிக்க எனக்கு உரிமை இல்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. இப்படி எழுதியிருக்கிறேன்: "தாய் ஒரு வேளையும் தவறாமல் மருந்து கொடுத்திருக்கிறார். செய்து காட்டியதில் நான் செய்த தவறே இரண்டு முறையும் காரணம்." நகல் இதோடு இருக்கிறது. உங்கள் கணவரின் போன் நேற்று கிடைத்தது, அவருக்கு நானே வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப அவ சரியாத்தான் பண்ணியிருக்கா" என்றார். "இல்லை, நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தார்" என்றேன். மகன் உங்களோடுதான் வருவான் என்றும் சொல்லிவிட்டார்.

மேட்ரனுக்கு என் மேல் கடுங்கோபம். "இப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க, தெரியுமா?" என்றார். வரட்டும் என்றேன். அந்தப் பொம்மை எங்கள் வார்டுக்கு வந்து எட்டு மாதம். அதில் நான் சொல்லிக்கொடுத்து அனுப்பிய குடும்பங்கள் நாற்பத்து மூன்று. ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினாறு பேர் வந்தார்கள். அவர்களில் பதினொரு பேர் மாஸ்க்கை உடனே எடுத்தார்கள். என் மேல் விசாரணை உண்டு. அது நடக்கட்டும்.

இதையெல்லாம் நான் படிக்காதவள் இல்லை அம்மா, அதுதான் என்னைக் குடைகிறது. பயந்துபோயிருப்பவருக்குப் பாடம் ஏறாது, முதலில் உட்காரவை. ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல். அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேள். புரிந்ததா என்று கேட்காதே, செய்யவைத்துப் பார். நர்சிங் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். பிறகு ஒரு படிவம் வந்தது, அதில் டிக் போட ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தேன். அம்மாக்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உங்களைத் திட்டி எழுதிய இரண்டு கடிதத்தையும் நினைத்தால் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மன்னித்துவிடுங்கள்.

வார்டு சிஸ்டர்

•

ஏப்ரல் 4

சிஸ்டர்,

அன்றைக்கு மதியமே கிளம்பிப் போனீர்களே, அதற்கு நன்றி. அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். மற்றபடி எனக்குக் கோபம் தீரவில்லை. மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடுகிற கோபம் இல்லை இது. இரண்டு தடவை என் பிள்ளை செத்துப் பிழைத்திருக்கிறான்.

நீங்கள் எழுதிக்கொடுத்த நகலை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அண்ணி போன் செய்து, "நானும் அதேதான் பண்ணியிருக்கேன், உன்னைப் போய் என்னென்னவோ பேசிட்டேன்" என்று அழுதார். வீட்டுக்காரர் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார். வழக்கத்துக்கு மாறாகப் பாத்திரமெல்லாம் கழுவினார். வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் சுபாவம் அது. பெரியவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெளிவாகிவிட்டது.

பயலுக்குத்தான் ஆகவில்லை.

பயல் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். என் கையைத் தட்டிவிட்டான். "நீ வேணாம். உனக்குத் தெரியாது. நீ பண்ணா எனக்கு மூச்சு நின்னுரும்" என்றான். நாலு வயசுப் பிள்ளை எங்கிருந்து இதைக் கற்றுக்கொண்டான்? யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் வார்டில், அண்ணி வீட்டில், போனில், அவன் தலைக்கு மேலே நாம் எல்லோரும் பேசியதுதான். அம்மா சரியில்லை, அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவிடம் விடக் கூடாது. புரிஞ்சுதா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை, அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

காலையும் சாயங்காலமும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். அவளுக்குச் செய்து காட்டி, அவளைச் செய்யவைத்துப் பார்த்துத்தான் விட்டிருக்கிறேன். அவள் மடியில் சமர்த்தாக உட்கார்ந்து ஐந்து மூச்சும் இழுக்கிறான். அந்த நேரத்தில் நான் அந்த அறையில் இருக்கக் கூடாது, இருந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன். அவளும் அடுத்த மாதம் வீடு மாறிப் போகிறாள்.

"இப்ப அம்மாவுக்குத் தெரியும்டா கண்ணா" என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். வாயால் சொன்னால் ஏறாது என்று உங்களுக்கு எழுதியவளே நான்தான், எனக்கே அது உறைக்க இவ்வளவு நாள் ஆயிற்று. அவன் பார்க்க வேண்டும்.

அதனால் நீங்கள் வர வேண்டும். வியாழக்கிழமை எனக்கு ஓய்வு. காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினால் பதினொன்றுக்கு இங்கே இருப்பீர்கள். யூனிஃபார்மிலேயே வாருங்கள், அந்த வெள்ளை உடுப்பைப் பார்த்தால்தான் அவனுக்கு நீங்கள் எல்லாம் தெரிந்தவர். வந்ததும் அவன் எதிரில் தரையில் உட்காருங்கள். "எனக்கு இது சரியா வரலை, உங்க அம்மாகிட்டக் கத்துக்க வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். நான் குழலை உங்கள் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வேன். முதல் தடவை தப்பாகச் செய்யுங்கள். அதற்கு உங்களுக்கு ஒத்திகை தேவைப்படாது. நான் தடுப்பேன், உங்கள் கையைப் பிடித்துத் திருத்துவேன், மறுபடி செய்யச் சொல்வேன். என் வாயிலிருந்து கொஞ்சம் அதட்டலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நர்ஸுக்கே சொல்லித்தருகிற அம்மாவை அவன் தன் கண்ணால் பார்க்கட்டும்.

பொம்மையைக் கொண்டுவராதீர்கள். என் முகத்தில் மாஸ்க்கை வைத்துச் செய்யுங்கள், நான் மூச்சு விடுகிறேன்.

ஒரே ஒரு தடவை அவன் என் கையிலிருந்து அந்த மருந்தை வாங்கிக்கொள்ளட்டும் சிஸ்டர். அதற்கப்புறம் நாம் உட்கார்ந்து சண்டை போடலாம், என்னிடம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

பயலின் அம்மா